வீல் ஸ்பேசர்: தடிமனை மட்டும் பார்த்து வாங்கியவனின் 14 மாத அனுபவம்

காரைப் பின்னாலிருந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை இருந்தது. உடம்பு அகலம், கால் ஒடுக்கம். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி, பின்சக்கரங்கள் இரண்டும் மட்கார்டுக்குள்ளே ஒளிந்துகொண்டு நிற்கும். சக்கரத்தை ஒரு விரல் அகலம் வெளியே தள்ளினால் போதும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு விரல் அகலத்துக்காக, சக்கரத்துக்கும் அது மாட்டப்படும் இடத்துக்கும் நடுவில் வைக்கும் தட்டான ஸ்பேசரில் இரண்டு செட் வாங்கி, ஒன்றைத் தூக்கி எறிந்து, இன்னொன்றில் பாதியை மட்டும் மாட்டி, இப்போது 14 மாதம், 19,000 கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. பெட்டி பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் கொடுக்கும் விமர்சனங்களை நம்பித்தான் முதல் செட்டை வாங்கினேன். அதனால் இதைக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

முதல் செட் 5 மி.மீ. தட்டு. அலுமினியம் என்று போட்டிருந்தது. நான்கு போல்ட் காருக்கும் பொருந்தும், ஐந்து போல்ட் காருக்கும் பொருந்தும் என்று நீள்வட்டத் துளைகள் சுற்றிலும் வெட்டியிருந்தார்கள். இட்லித்தட்டு மாதிரி இருந்தது. அன்று எனக்கு அது வசதியாகத் தெரிந்தது. எல்லாக் காருக்கும் பொருந்துகிற பொருள் எந்தக் காருக்கும் சரியாகப் பொருந்தாது என்பது பின்னால்தான் உறைத்தது. மாட்டுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சக்கரத்தைக் கழற்று, தட்டை வை, சக்கரத்தைப் போடு, பழைய போல்ட்டையே முறுக்கு. அவ்வளவுதான்.

95 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு. 80-இல் இல்லை, 110-இல் குறைகிறது, 95-இல் மட்டும் கூசுகிறது. டயர் பேலன்ஸ் போயிருக்கும் என்று நினைத்து அதையும் செய்தேன். பேலன்ஸ் இயந்திரத்தில் சக்கரம் கச்சிதம். காரில் மாட்டினால் மறுபடி அதே அதிர்வு. அப்போதுதான் லேத் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி, வெர்னியரை ஒரு பக்கம் வைத்தார்: 4.9. தட்டைத் திருப்பி எதிர்ப்பக்கம் வைத்தார்: 5.2. “தம்பி, இது ஸ்பேசர் இல்ல, வாஷர். அதுவும் சப்பையான வாஷர்.”

0.3 மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று கேட்டேன். அவர் விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். தட்டின் விட்டம் ஏறக்குறைய 140 மி.மீ. என் ரிம் 17 அங்குலம், அதாவது 430 மி.மீ. தட்டில் 0.3 மி.மீ. சாய்ந்தால், ரிம் ஓரத்தில் அது மூன்று மடங்காகி 0.9 மி.மீ. ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் அவ்வளவு ஆடுகிறது. ஈயத்துண்டு ஒட்டி இதைச் சரிசெய்ய முடியாது. குறை எடையில் இல்லை, உட்கார்ந்த விதத்தில்.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என்னை வியர்க்க வைத்தது. “பழைய போல்ட்டையா போட்ட? எத்தனை சுத்து புடிச்சுது?” எண்ணவில்லை. வீட்டுக்கு வந்து ஒன்றைக் கழற்றி எண்ணினேன். கம்பெனியிலிருந்து வந்த நிலையில் என் காரின் போல்ட் ஒன்பதரைச் சுற்று உள்ளே போகும். 5 மி.மீ. தட்டு வந்ததும் ஆறு சுற்று. கணக்கு நேரடியானது: எம்14 போல்ட், அதாவது 14 மி.மீ. பருமன், 1.5 பிட்ச். ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும். 5 மி.மீ.யை நடுவில் நுழைத்தால் மூன்று சுற்றுக்கு மேல் காணாமல் போகிறது. எம்14, 1.5 பிட்ச்சுக்குக் குறைந்தபட்சம் ஏழரைச் சுற்று பிடிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எம்12, 1.5 பிட்ச் என்றால் ஆறரை. எம்12, 1.25 பிட்ச் என்றால் எட்டு. நான் ஆறு சுற்றில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 400 கிலோமீட்டர் போய் வந்திருக்கிறேன். எவ்வளவு இறுக்கம் என்று அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தபோது இடது பின்சக்கரத்தில் ஒரு போல்ட் கால் சுற்று திரும்பிய பிறகுதான் ‘க்ளிக்’ என்றது. அன்றைக்கே நான்கு தட்டையும் கழற்றிவிட்டேன். யாருக்கும் விற்கவில்லை. விற்கிற பொருளா அது?

இரண்டாவது செட் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் எதுவும் வாங்கவில்லை, அளந்துகொண்டே இருந்தேன். இனி எழுதுவதெல்லாம் அந்த ஒரு மாதத்தில் கற்றது.

எல்லோரும் முதலில் கேட்பது “எத்தனை மி.மீ. போடலாம்?” என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஹப்பின், அதாவது சக்கரம் மாட்டப்படும் சுழலும் நடுப்பாகத்தின், உதடு எவ்வளவு உயரம்? சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க்கின் நடுவில் வட்டமாக ஒரு வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் நடுத்துளை அதன்மேல் போய் இறுக்கமாக உட்கார்வதால்தான் சக்கரம் சரியான மையத்தில் நிற்கிறது. என் காரில் அந்த வளையத்தின் விட்டம் 57.1 மி.மீ. மற்ற கார்களில் 54.1, 60.1, 64.1, 67.1, 72.6 என்று ஆளுக்கொரு அளவு உண்டு. இந்தத் தசம இடத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். தடிமன் சும்மா கூட வருவது.

என் ஹப்பின் உதடு 11 மி.மீ. உயரம். அதில் நுனியில் 3 மி.மீ. சாய்வாகச் சீவப்பட்டது, அது எதையும் பிடிக்காது. மீதி 8. இப்போது 5 மி.மீ. தட்டை வைத்தால் நேரான பகுதி 3 மி.மீ. மட்டும் மிஞ்சும். சக்கரத்தின் நடுத்துளை வாயிலும் ஒரு சீவல் இருக்கிறது, அதுவே அந்த 3-ஐத் தின்றுவிடும். ஆகவே சக்கரம் எதன்மேலும் உட்காரவில்லை, ஐந்து போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. என் 95 கிலோமீட்டர் அதிர்வில் பாதி இதனால் வந்தது என்றே நினைக்கிறேன்.

சரி, 10 மி.மீ. வாங்கினால்? அது இன்னும் மோசம். உதட்டில் 10 மறைந்து 1 மி.மீ. வெளியே நீட்டும், அது வெறும் சீவல். ஸ்பேசரே தனக்கென்று ஓர் உதடு வைத்துக்கொள்ளலாமே என்றால், அதற்கும் இடமில்லை. புது உதட்டின் வெளிவிட்டமும் 57.1 ஆக இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் ஹப்பின் உதடும் 57.1. ஒரே அளவுச் சொம்புகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று நுழைக்க முடியாதல்லவா? ஹப்பின் உதடு முழுவதும் ஸ்பேசரின் தடிமனுக்குள் முடிந்துபோனால்தான், அதற்கு வெளியே ஸ்பேசர் தன் சொந்த உதட்டை நீட்ட முடியும். என் காருக்கு அந்த எல்லை 11. ஆகவே 5 முதல் 12 வரை என்னைப் பொறுத்தவரை யாரும் குடியிருக்க முடியாத இடம். 15 போட வேண்டும், இல்லையென்றால் 3 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் காரின் உதடு 6 மி.மீ. மட்டுமே இருந்தால் 10 மி.மீ. அழகாக உட்காரலாம். அதனால்தான் “பக்கத்து வீட்டுக்காரர் 10 போட்டார், நன்றாக இருக்கிறது” என்கிற சிபாரிசுக்கு மதிப்பே இல்லை.

வெளியே எவ்வளவு தள்ளலாம் என்பது இதற்கு அடுத்த கேள்வி. சமதரையில் காரை நிறுத்தி, மட்கார்டு விளிம்பிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டேன், கொத்தனார் குண்டு விடுவது போல. பின்னால் நூலுக்கும் டயருக்கும் நடுவில் 22 மி.மீ. முன்னால் 14. காலியாக நிற்கும் காரில் அளந்தது மட்டும் போதாது. பின் இருக்கையில் மூன்று பெரிய ஆட்களை உட்காரவைத்து, டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை ஏற்றி மறுபடி பார்த்தேன். கார் அமுங்கும்போது சக்கரத்தின் மேல்பகுதி பல கார்களில் உள்ளே சாயும், அது நமக்குச் சாதகம். ஆனால் அது சஸ்பென்ஷனைப் பொறுத்தது, நம்பி விடக் கூடாது. முன்சக்கரத்துக்கு இன்னொரு சோதனை இருக்கிறது: ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, டயரின் பின் விளிம்பு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரை எங்கே நெருங்குகிறது என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

சக்கரத்தின் உள்பக்கம் 7ஜே, 17, ஈ.டி. 49 என்று அச்சு இருக்கும். முதல் இரண்டும் ரிம்மின் அகலமும் விட்டமும், அங்குலத்தில். ஈ.டி. என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. 15 மி.மீ. ஸ்பேசர் போட்டால் அது ஈ.டி. 34 சக்கரம் மாட்டியதற்குச் சமம். “ஸ்பேசர் போட்டால் பேரிங் போயிடும்” என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். பேரிங்குக்கு ஸ்பேசரும் தெரியாது, அலாய் வீலும் தெரியாது. அதற்குத் தெரிவது டயர் தரையைத் தொடும் இடம் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்பது மட்டும். ஈ.டி. 34 சக்கரத்தைப் பயப்படாமல் மாட்டுகிறவர், அதே தூரத்துக்கு ஸ்பேசரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பயம் இரண்டுக்கும் சமமாக இருந்தால் நியாயம், ஏனென்றால் நெம்புகோல் நீண்டால் சுமை கூடத்தான் செய்யும். என் காரில் 19,000 கிலோமீட்டரில் சத்தமோ ஆட்டமோ இல்லை. 90,000-இல் என்ன ஆகும் என்று இப்போதே சத்தியம் செய்ய மாட்டேன்.

வகைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. மெல்லிய தட்டு முதல் வகை. நடுத்தரத் தடிமனில், உதட்டோடு வந்து, நீளமான போல்ட் அதன் வழியாகவே ஹப்பில் இறங்குவது இரண்டாவது. தடிமன் இன்னும் கூடும்போது, ஸ்பேசரை அதற்கான போல்ட்டால் தனியாக ஹப்பில் முறுக்கிவிட்டு, சக்கரத்தை ஸ்பேசரில் முறுக்குவது மூன்றாவது. இந்த மூன்றாவதில் ஒரு சிக்கல் உண்டு. ஹப்பில் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட், அதாவது ஹப்பிலேயே பதித்து வெளியே நீட்டும் மரைக்கம்பி, உள்ள காராக இருந்தால், பழைய ஸ்டட்டின் நுனி ஸ்பேசரைத் தாண்டி நீட்டி சக்கரத்தில் இடிக்கும். சக்கரத்தின் உள்முகத்தில் துளைகளுக்கு நடுவே குழிகள் இருந்தால் தப்பித்தோம், இல்லையென்றால் தடிமன் கூட வேண்டும், அல்லது ஸ்டட்டை வெட்ட வேண்டும். எச் அண்ட் ஆர், ஐபாக் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் கார் மாடலைச் சொன்னால் பொருந்துவது எது என்று பட்டியலிட்டே விற்கிறார்கள். எது வாங்கினாலும் அலுமினியக் கலவையின் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 6061-டி6 இருந்தால் போதும், 7075-டி6 அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உறுதி. எண்ணே இல்லாமல் “உயர்தர அலுமினியம்” என்று மட்டும் எழுதியிருந்தால், அது என் பழைய இட்லித்தட்டின் உறவுக்காரர்.

நான் வாங்கியது இரண்டாவது வகை. 15 மி.மீ., பி.சி.டி. 5x112 (112 மி.மீ. விட்ட வட்டத்தில் ஐந்து போல்ட் துளைகள்), நடுத்துளை 57.1, சொந்த உதடு, கறுப்பு அனோடைஸ் பூச்சு. நாலு துண்டையும் அண்ணனிடம் கொண்டுபோனேன். ஒவ்வொன்றிலும் எட்டு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, 0.02-க்கு மேல் வித்தியாசம் இல்லை என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வராது. “பரவால்ல” என்றார். அதுவே எனக்கு ஐஎஸ்ஓ சான்றிதழ்.

பொருள் நன்றாக இருந்தும் கூட வந்த போல்ட் தப்பு. விற்றவர் யார் என்று சொல்லப்போவதில்லை, மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் நான் கவனிக்காமல் போட்டிருந்தால் யார் மாற்றிக் கொடுத்தும் பயன் இல்லை. என் காரோடு வந்த சக்கரங்களில் போல்ட் உட்காரும் இடம் கிண்ணம் மாதிரி உருண்டையாகக் குழிந்திருக்கும். வந்த போல்ட்டின் கழுத்தோ கூம்பு. கூம்பைக் கிண்ணத்தில் வைத்தால் மெல்லிய வட்டக் கோட்டில் மட்டும் தொடும், முழுமுகமாக ஒட்டாது. முறுக்கும்போது இறுகின மாதிரியே இருக்கும், ஓட ஓட அந்தக் கோடு நசுங்கிப் போல்ட் தளரும். சந்தேகம் இருந்தால், கழுத்தில் மார்க்கர் மை தடவி, லேசாக முறுக்கி, கழற்றிப் பாருங்கள். மை எங்கே அழிந்திருக்கிறது என்பது கதையைச் சொல்லிவிடும். அகலப் பட்டையாக அழிந்தால் சரி. நூல் மாதிரி அழிந்தால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். வெளியில் வாங்கும் அலாய் வீல்கள் பெரும்பாலும் கூம்புக்கானவை, அதனால் காரைப் பார்த்து வாங்கக் கூடாது, மாட்டப்போகும் சக்கரத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

நீளத்தின் கணக்கு: பழையது 27 மி.மீ., ஸ்பேசர் 15, ஆகவே புதியது 42. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கொஞ்சம் நீளமாக இருந்தால் இன்னும் பலம்தானே என்று 50 மி.மீ. வாங்கினார் ஒருவர். ஹப்பைத் தாண்டி உள்ளே நீட்டிய போல்ட் சில கார்களில் ஹேண்ட்பிரேக் லைனிங்கையோ ஏ.பி.எஸ். பாகத்தையோ உரசும். போல்ட்டின் உறுதியைக் குறிக்கும் கிரேடு 10.9 என்று தலையில் பொறித்திருக்க வேண்டும். பூட்டுப் போல்ட்டை மறந்துவிடாதீர்கள். திருடர்களுக்குப் பயந்து சக்கரத்துக்கு ஒன்று என்று போட்டிருக்கும் அந்த விசேஷப் போல்ட்டும் பழைய நீளம்தான், ஸ்பேசரோடு அதைப் போடவே கூடாது. நீளமான பூட்டுப் போல்ட்டைத் தனியாகத் தேடி வாங்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதுவரை 20-உம் சாதாரணப் போல்ட், எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

மாட்டும் வேலையில் முக்கால் பங்கு சுத்தம் செய்வது. இதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை, ஏனென்றால் பார்க்கச் சுவாரசியமாக இருக்காது. ஹப்பின் முகத்தில் செதில் செதிலாகத் துரு. கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள், பிறகு துணி. உதட்டைச் சுற்றிலும் அப்படியே. சக்கரத்தின் உள்முகத்திலும் பழைய துரு அச்சுப் பதிந்திருக்கும், அதையும் எடுக்க வேண்டும். ஒரு சக்கரத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. துரு மேல் 0.02 மி.மீ. துல்லியத்தை வைத்தால், அந்தத் துல்லியத்துக்கு என்ன மரியாதை? டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவின் தலை முகத்துக்கு வெளியே நீட்டுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஸ்பேசரில் அதற்கென்று ஒரு துளை இருந்தது, அதை நேராக வைத்தால்தான் தட்டையாக உட்காரும். ஸ்டட் உள்ள கார்களில் கம்பெனியே டிஸ்க்கைப் பிடிக்க மெல்லிய தகட்டு வாஷர் போட்டிருப்பார்கள், அதைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டும்.

ஸ்பேசரைக் கையால் தள்ளியபோது கடைசி 2 மி.மீ. கொஞ்சம் அடம்பிடித்தது. சுத்தியலைத் தேடாதீர்கள். வெளியே எடுத்து, இன்னொரு முறை துருவைத் தேய்த்து, மறுபடி தள்ளினேன். ‘டப்’ என்று ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. இடைவெளி பார்க்கும் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் இலையைச் சுற்றிலும் நுழைத்துப் பார்த்தேன், எங்கும் நுழையவில்லை. உதட்டில் மட்டும் காப்பர் கிரீஸை விரல்ரேகை தெரியும் அளவுக்கு மெலிதாகத் தடவினேன். ஒட்டும் முகத்தில் கிரீஸ் வேண்டாம், போல்ட் மரையில் வேண்டவே வேண்டாம். சக்கரத்தைச் சுமப்பது போல்ட்டும் இல்லை, உதடும் இல்லை, இறுக்கிப் பிடித்த முகங்களுக்கு நடுவிலான உராய்வுதான். உதடு மையத்துக்கு, போல்ட் இறுக்கத்துக்கு. மரையில் கிரீஸ் போட்டால் அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும், அளவு காட்டும் ரெஞ்ச் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

போல்ட் ஒவ்வொன்றையும் கையால் தொடங்கி, சுற்றை வாய்விட்டு எண்ணினேன். ஒன்பதரை, கம்பெனி அளவேதான். பிறகு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, உள்ளே எங்கேயாவது உரசுகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். நட்சத்திர வரிசையில் லேசாக இறுக்கி, ஜாக்கியை இறக்கி, 80, பிறகு 120 நியூட்டன் மீட்டர். 120 என் கார் கையேட்டில் உள்ளது, உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள். போல்ட் நீளமாகிவிட்டதே என்று டார்க்கைக் கூட்டத் தேவையில்லை. நீண்ட போல்ட் ரப்பர் மாதிரி இன்னும் கொஞ்சம் இழுபட்டு நிற்கும், அது இறுக்கத்தைக் காப்பாற்றவே செய்யும். காற்றுத் துப்பாக்கியை வைத்து ‘டர்ர்’ என்று முடிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து ஸ்பேசர் பக்கமே வராதீர்கள். 50 கிலோமீட்டர் ஓடியபின் பார்த்ததில் இரண்டு போல்ட் ஒரு மயிரிழை நகர்ந்தது. 200-இல் ஒன்றும் நகரவில்லை. இப்போது 5,000-க்கு ஒருமுறை பார்க்கிறேன், இன்றுவரை அசையவில்லை.

முன்னால்தான் கதை கெட்டது. நூல் காட்டிய 14-க்கு 15 போடுவது பேராசை என்று தெரியும், இருந்தாலும் பெட்டியில் நாலு துண்டு இருக்கிறதே! ஒரு வாரம் ஓட்டினேன். முழு ஒடிப்பில் இடது டயர் லைனரைத் தொட்டு ‘சரக், சரக்’ என்றது. அதைவிட, சாலையில் லாரிகள் போட்ட தடத்துக்குள் சக்கரம் விழுந்தால் ஸ்டீயரிங் தானாகவே அந்தப் பக்கம் போகப் பார்த்தது. ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் தார் என்று இருக்கும் இடத்தில் பிரேக் போட்டால் கையில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. சக்கரம் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை வடிவமைத்தவர்கள் கணக்குப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். நான் அதை 15 மி.மீ. கலைத்துவிட்டேன். எட்டாம் நாள் முன்ஜோடியைக் கழற்றிப் பழைய போல்ட்டைப் போட்டேன். ஸ்டீயரிங் மறுபடி வாயை மூடிக்கொண்டது.

பின்னால் மட்டும் 15 என்பதில் எனக்கு முழுத் திருப்தி. 95-இல் அதிர்வு இல்லை, எந்த வேகத்திலும் இல்லை. வளைவில் வண்டி ஒட்டிக்கொண்டு போகும் என்று பெட்டியில் எழுதியிருந்ததே, அதைப் பற்றி? பின்சக்கரங்களுக்கு நடுவிலான அகலம் 1,520 மி.மீ.யாக இருந்தது, 1,550 ஆகியிருக்கிறது. இரண்டு சதவீதம். அந்த இரண்டு சதவீதத்தை என் முதுகுத்தண்டால் கண்டுபிடிக்க முடியவில்லை. தோற்றத்துக்காக வாங்கினேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வீட்டில் யாராவது கவனிப்பார்களா என்று ஒரு வாரம் காத்திருந்து, கடைசியில் நானே கேட்டேன். “என்னங்க, காரைக் கழுவுனீங்களா?” என்றாள் மனைவி.

கழுவத்தான் வேண்டியிருக்கிறது, முன்னைவிட அதிகமாக. டயர் வெளியே வந்ததால் சேறும் சின்னக் கல்லும் பக்கவாட்டில் ஏறி அடிக்கின்றன. பின் பம்பரின் ஓரம் மணல்தாள் தேய்த்த மாதிரி ஆகியிருக்கிறது. இன்னொரு குறை, எட்டாம் மாதம் கழற்றப் போனபோது ஸ்பேசர் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் நடுவில் வெள்ளைப் பொடி பூக்கும், அதன் வேலை. மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் தட்டித் தட்டி இருபது நிமிடத்தில் வந்தது. உதட்டில் இன்னும் தாராளமாக கிரீஸ் தடவியிருக்கலாம். பிடித்து இழுக்க ஓரத்தில் ஒரு வெட்டு வைத்திருந்தால் செய்தவர்களுக்கு என்ன குறைந்துபோகும்? இதற்காகவும் தப்பாக வந்த போல்ட்டுக்காகவும் ஐந்தில் நான்குதான் தருவேன்.

பஞ்சரானபோது தெரிந்த ஒரு விஷயம். ஸ்டெப்னியை ஸ்பேசர் இல்லாமல் நேராக ஹப்பில் மாட்டுவதாக இருந்தால் 42 மி.மீ. போல்ட் உள்ளே வெகுதூரம் போய்விடும், பழைய 27 மி.மீ. வேண்டும். ஸ்பேசர் இருக்கும் இடத்தில் 27-ஐப் போட்டால் மரையையே எட்டாது. இருட்டில், மழையில், ரோட்டோரத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பழைய போல்ட் ஐந்தைத் துணியில் சுற்றி ஸ்டெப்னிக் குழிக்குள் வைத்திருக்கிறேன், நீளமானவற்றின் தலையில் மஞ்சள் பெயின்ட் ஒரு பொட்டு. மஞ்சள் என்றால் ஸ்பேசர் இருக்க வேண்டும். என் காரை வேறு யார் ஓட்டினாலும் சாவி கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

எப்படியும் புதுச் சக்கரம் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஸ்பேசரை மறந்துவிட்டு, தேவையான ஈ.டி. உள்ள சக்கரத்தையே வாங்குங்கள். பெரிய பிரேக் காலிப்பர் ரிம்மில் இடிக்கிறது, புது ஷாக் அப்சார்பர் டயரை நெருங்குகிறது என்று 3 மி.மீ. தேவைப்படுகிறவர்கள் வேறு, அவர்களுக்கு அது அவசியம். ஒன்றின் மேல் ஒன்று இரண்டு ஸ்பேசர் அடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, கும்பிடுதான் இருக்கிறது. வாரண்டியிலும் இன்சூரன்ஸிலும் இதற்கு என்ன விதி என்பதை மாட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்வது உத்தமம். நான் பின்னால்தான் கேட்டேன்.

முன்னால் கழற்றிய ஜோடி இன்னும் அலமாரியில், எண்ணெய்த் துணிக்குள் இருக்கிறது. அலுவலகத்தில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவன், அதே 5x112, அதே 57.1, கேட்டுக்கொண்டே இருக்கிறான். “ஹப்போட உதடு எத்தனை மி.மீ.னு அளந்துட்டு வா, சும்மாவே தர்றேன்” என்று சொல்லியிருக்கிறேன். மூன்று மாதமாகிறது. “அண்ணே, இந்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா” என்கிறான்.